ஏடு காத்த பெருந்தகை சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள்

தமிழின் தொன்மையைப் பேசாத மேடை இன்று எமது நாட்டில் இல்லை. தொல்காப்பியம் என்றும் கலித்தொகை என்றும் பெருமிதத்தோடு எடுத்தோதுகின்றோம். பாடசாலைச் சிறுவரும் அந்நூல்களின் பெயர்களை அறிவர். ஆயின், இற்றைக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னே தொல்காப்பியப் பொருளதிகாரத்தைக் கண்ணாற் கண்ட புலவர் மிகச் சிலரே என்பதையும், இன்னுஞ் சில ஆண்டுகள் வாளாவிருந்திருப்பின் அந்நூலின் பெயர் மாத்திரமே எமக்கு எஞ்சியிருக்கும் என்பதையும் எம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அழிவின் விளிம்பில் நின்ற அந்நூல்களைத் தேடி எடுத்து, ஒப்புநோக்கி, அச்சேற்றி, உலகிற்கு அளித்தவர்களுள் முன்னின்றவர் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிலே பிறந்த இராவ்பகதூர் சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் ஆவர்.

பிள்ளையவர்கள் தமது முதற் பதிப்பை வெளியிட்டது 1854ஆம் ஆண்டில். மறைந்தது 1901ஆம் ஆண்டின் முதல் நாளில். ஏறக்குறைய நாற்பத்தேழு ஆண்டுகள் அவர் எழுத்துப்பணியோடு இணைந்து வாழ்ந்தார். இந்நெடும் பணியைப் பலர் பலவாறு போற்றியுள்ளனர். நாம் இங்கே சிறப்பாக ஒன்றை மாத்திரம் எடுத்து நோக்க விரும்புகின்றோம். அஃதாவது, ஒரு துறையிலே உழைக்கும் அறிஞன் ஒருவனுக்கு அத்துறை வல்லாரின் கூட்டுறவு எத்துணை இன்றியமையாதது என்பதாம். அக்கூட்டுறவு வாய்த்தபோது பிள்ளையவர்களின் பணி எவ்வாறு சிறந்தது, வாய்க்காதபோது எவ்வாறு இடர்ப்பட்டது, அதனை அவர் தாமே எவ்வாறு ஆக்க முயன்றார் என்பவற்றை அறிதல் எமது சங்கத்து இளைஞர்க்கும் முதியோர்க்கும் ஒருங்கே பயன்தரும்.

பிறப்பும் கல்வியும்

பிள்ளையவர்கள் 1832ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 12ஆம் நாள் பிறந்தார். தந்தையார் வைரவநாதர், தாயார் பெருந்தேவி. முதலிலே தந்தையாரிடமும் பின்னர் சுன்னாகம் முத்துக்குமாரக் கவிராயரிடமும் தமிழ் கற்றார். தெல்லிப்பழை அமெரிக்க மிஷன் பாடசாலையிலும், அதன்பின் வட்டுக்கோட்டைச் செமினரியிலும் ஆங்கிலமும் கணிதமும் பிற கலைகளும் பயின்றார். அக்காலத்திலே ஆசியாக் கண்டத்தின் இப்பகுதியில் உயர்கல்வி தந்த நிலையங்களுள் வட்டுக்கோட்டைச் செமினரி தலைசிறந்த ஒன்றாக விளங்கியது. ஆங்கிலக் கலைகளோடு தமிழிலக்கணமும் அங்கே கற்பிக்கப்பட்டமையால், இரு மொழியிலும் தேர்ச்சி பெற்ற ஒரு தலைமுறை அங்கிருந்து தோன்றியது.

கல்வி முடிந்தபின் பிள்ளையவர்கள் கோப்பாயிலே ஆசிரியராக அமர்ந்தார். 1854ஆம் ஆண்டிலே குமரகுருபர சுவாமிகள் அருளிய நீதிநெறி விளக்கத்தை உரையோடு பதிப்பித்தார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்திரண்டுக்கு மேற்படவில்லை. மிஷன் பாடசாலைகளிலே வளர்ந்தவராயினும் பின்னாளிலே சைவசமயத்தைத் தழுவி நின்று, சைவ மகத்துவம் என்னும் நூலையும் எழுதினார்.

சென்னை வாழ்க்கை

யாழ்ப்பாணத்திலே கல்விப்பணி புரிந்து பின் சென்னை சென்றிருந்த பேர்சிவல் பாதிரியார், தாம் நடத்திய தினவர்த்தமானி என்னும் பத்திரிகையின் ஆசிரியப் பொறுப்புக்குப் பிள்ளையவர்களை அழைத்தார். அவ்வழைப்பே அவரைத் தமிழகத்துக்குக் கொண்டு சென்றது. 1857ஆம் ஆண்டிலே சென்னைச் சர்வகலாசாலை நிறுவப்பட்டது. அதன் முதற் கலைப்பட்டதாரிகள் இருவர், இருவரும் யாழ்ப்பாணத்தார். ஒருவர் கறோல் விசுவநாதபிள்ளை. மற்றவர் எமது தாமோதரம்பிள்ளையவர்கள்.

பட்டம் பெற்றபின் கள்ளிக்கோட்டைக் கல்லூரியிற் கற்பித்தார். பின்னர் சென்னை அரசாங்கக் கணக்காய்வுப் பகுதியில் உயர்ந்த உத்தியோகம் வகித்தார். 1871ஆம் ஆண்டில் சட்டத்திலும் பட்டம் பெற்றார். உத்தியோகத்தினின்றும் ஓய்வுபெற்ற பின் கும்பகோணத்திலே நியாயவாதியாக விளங்கி, 1887ஆம் ஆண்டு முதல் புதுக்கோட்டைச் சமஸ்தானத்து நீதிபதியாகப் பணிபுரிந்தார். 1895ஆம் ஆண்டில் அரசினர் அவருக்கு இராவ்பகதூர் பட்டம் வழங்கினர்.

இவ்வரலாற்றை நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். தமிழ்ப் பதிப்பு அவருக்குப் பிழைப்புக்குரிய தொழிலன்று. பகற்பொழுது உத்தியோகத்துக்கும் வழக்குக்கும் உரியதாயிருக்க, எஞ்சிய பொழுதே ஏடுகளுக்கு உரியதாயிற்று. ஊதியமாக வந்த பொருளிற் பெரும்பகுதி ஏடு தேடுதற்கும் பிரதி செய்வித்தற்கும் அச்சுக்கூலிக்கும் சென்றது. விற்பனையாகும் நூல்களோ பாடப் புத்தகங்களும் கதைப் புத்தகங்களும். பழைய இலக்கணத்தை விலைகொடுத்து வாங்குவார் அரியர். ஆறாம் வாசகப் புத்தகம், ஏழாம் வாசகப் புத்தகம் என மாணாக்கர்க்குரிய நூல்களையும், சூளாமணிக் கதையை எளிய வசனநடையிலும் அவர் எழுதியளித்தார். எனினும், அவர் உள்ளம் முழுவதும் பழைய ஏடுகளின்பாலே சென்றது.

ஏடுகள் இருந்த நிலை

பிள்ளையவர்கள் மேற்கொண்ட பணியின் அருமையை உணர வேண்டின் ஏட்டுச்சுவடியின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். பனையோலைக்கு ஆயுள் அளவுண்டு. செல்லும் இராமபாணப் பூச்சியும் அரிக்கும்; ஈரம் பட்டால் ஒட்டிக்கொள்ளும்; காய்ந்தால் ஒடியும். ஆதலாற் சில தலைமுறைகளுக்கு ஒருமுறை பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏடு எழுதி வைத்தல் எமது முன்னோர் வழக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே அச்சும் ஆங்கிலக் கல்வியும் பரவத் தொடங்கியதும் ஏடெழுதுவார் தொகை குறைந்தது. இருந்த ஏடுகள் மூப்படைந்தன. புதிய ஏடுகள் எழுதப்படவில்லை. அச்சிலும் அந்நூல்கள் ஏறவில்லை. ஆகவே பழந்தமிழ் நூல்களுக்கு அது மிகவும் பொல்லாத காலமாயிற்று. வீட்டு மூலையிற் கிடந்த சுவடிகளை ஆடிப்பெருக்கிலே ஆற்றில் விட்டோரும் இருந்தனர்.

கிடைத்த ஏட்டைப் படித்தலும் எளிதன்று. ஏட்டிலே மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு காட்டுவதில்லை. கால் என்னும் குறியும் ரகரமும் ஒரே வடிவின. செய என்று ஏட்டில் இருப்பின் அதனைச் செய, செய், சேய, சேய் என நான்கு விதமாகப் படிக்கலாம். சூத்திரமும் உரையும் மேற்கோளும் இடைவெளியின்றி ஒன்றாய்த் தொடர்ந்து செல்லும். சொற்களைப் பிரித்தறிவதற்கு இலக்கணப் புலமை வேண்டும்; மேற்கோள் எந்நூலுக்குரியது என்று அறிவதற்குப் பல நூற் பயிற்சி வேண்டும்; எழுதினோன் செய்த பிழையைத் தெளிவதற்குப் பல பிரதிகள் வேண்டும். இவை யாவும் ஒருவரிடத்தே அமைதல் அரிது. ஒருவர்க்கு இலக்கணம் வரும். ஒருவர்க்கு ஞாபகம் வரும். ஒருவர் வீட்டிலே பிரதி இருக்கும். இம்மூவரும் கூடினாலன்றி நூல் வெளிவராது. பதிப்புத்துறை பிறப்பிலேயே கூட்டுத்தொழில் என்பது இதனாற் பெறப்படும்.

நாவலரவர்களின் துணை

பிள்ளையவர்களுக்கு முதலில் வாய்த்த பெருந்துணை யாழ்ப்பாணத்து நல்லூர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்கள். நாவலரவர்கள் தாமே அச்சியந்திரசாலை அமைத்து, திருக்குறள் பரிமேலழகருரை, நன்னூல் விருத்தியுரை முதலிய நூல்களைப் பிழையின்றி அச்சிட்டு வழிகாட்டியவர். நாவலரவர்கள் பரிசோதித்த பதிப்பு என்றால் அதனை மறுவார்த்தையின்றி ஏற்பது அக்காலப் புலவர் வழக்கம்.

1868ஆம் ஆண்டிலே தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு பிள்ளையவர்கள் வெளியிட்டார். அதனைப் பரிசோதித்துக் கொடுத்தவர் நாவலரவர்கள். அரசாங்க உத்தியோகத்திலிருந்த பட்டதாரியாகிய பிள்ளையவர்கள், தம் பெயரை மாத்திரம் முன்வைக்க விரும்பாது, தம்மினும் மிக்க புலமையுடையாரிடம் நூலை ஒப்படைத்துத் திருத்தம் பெற்றமை எண்ணத்தக்கது. படிப்பு மிகுந்தார்க்கு இப்பணிவு எளிதில் வருவதன்று. தாம் செய்ததைப் பிறர் பார்த்தல் தமக்கு இழிவென்று கருதுவோர் எக்காலத்தும் உளர். பிள்ளையவர்கள் அதனை நூலுக்குரிய காப்பென்று கருதினார்.

1879ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் நாவலரவர்கள் சிவபதம் எய்தினார். தமிழுலகு பெரும் புலவர் ஒருவரை இழந்தது. பிள்ளையவர்களோ தம் நூல்களைப் பரிசோதிக்க வல்ல ஒருவரை இழந்தார். தொல்காப்பியத்தின் எஞ்சிய பகுதி இன்னும் வெளிவரவில்லை. வயதும் நாற்பத்தேழு ஆயிற்று. இனி யார் இதனைச் செய்வார் என்று காத்திருந்தால் ஏடு காத்திராது என்பதை அவர் நன்குணர்ந்தார். அவர்தம் பதிப்பு வாழ்விலே பெரும்பகுதி இதன் பின்னரே நிகழ்ந்தது.

பத்தாண்டுப் பெரும் பணி

1881ஆம் ஆண்டில் வீரசோழியம் வெளிவந்தது. புத்தமித்திரனார் இயற்றிய அவ்விலக்கணம் பௌத்தர் ஒருவரின் நூல். 1883ஆம் ஆண்டில் இறையனார் அகப்பொருள் உரையும், கச்சியப்ப முனிவரின் திருத்தணிகைப் புராணமும் வெளிவந்தன. 1885ஆம் ஆண்டில் தொல்காப்பியப் பொருளதிகாரம் வெளிவந்தது. 1887ஆம் ஆண்டிலே கலித்தொகை. எட்டுத்தொகை நூல்களுள் முதன்முதல் அச்சேறியது அதுவே. 1889ஆம் ஆண்டில் வைத்தியநாத தேசிகரின் இலக்கண விளக்கமும், சமண காவியமாகிய சூளாமணியும்; 1891ஆம் ஆண்டில் தொல்காப்பிய எழுத்ததிகாரம் நச்சினார்க்கினியர் உரையும் தொடர்ந்தன.

உத்தியோகமும் நியாயவாதமும் நீதிபதிப் பதவியும் வகித்த ஒருவர் பத்தாண்டினுள்ளே இத்தனை நூல்களை வெளியிட்டமை வியப்புக்குரியது. சைவப்பற்று மிக்க அவர் பௌத்த இலக்கணத்தையும் சமண காவியத்தையும் அதே அன்போடு போற்றிப் பதிப்பித்தமையும் எம் சங்கத்தார் கருத்திற் கொள்ளற்பாலது. தமிழ்ப் புலமை சமய வேலிக்குள் அடங்குவதன்று என்பதை அவர் செயலாற் காட்டினார்.

இந்நூல்களுக்கு ஏடு கிடைத்த வழி யாது? திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகரவர்கள் தம் மடத்துச் சுவடிகளை உதவினார். யாழ்ப்பாணத்திலும் தமிழகத்திலும் புலவர் குடும்பங்களிலே இருந்த பிரதிகள் கடிதத்தின் மூலம் கேட்டுப் பெறப்பட்டன. சிலர் மனமுவந்து கொடுத்தனர். சிலர் கொடுத்தால் திரும்பாது என்று அஞ்சினர். சிலர் பூசையில் வைத்த ஏட்டைத் தொடவும் விடவில்லை. நூல் தேடுவோர்க்கென ஒரு சபையோ, எவ்வேடு எவரிடம் உள்ளது என்று காட்டும் அட்டவணையோ அன்று இல்லை. ஒவ்வொரு பிரதிக்கும் தனித்தனியே இரந்து நிற்க வேண்டியிருந்தது.

கும்பகோணத்தில் இரு பதிப்பாசிரியர்

பிள்ளையவர்கள் கும்பகோணத்திலே நியாயவாதியாக இருந்த காலத்தில், அந்நகர அரசாங்கக் கல்லூரியிலே தமிழாசிரியராக விளங்கியவர் உ. வே. சாமிநாதையரவர்கள். பிள்ளையவர்களினும் இருபத்திரண்டு ஆண்டு இளையவர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளையவர்களின் மாணாக்கர். அவர் அப்பொழுது சீவகசிந்தாமணியைப் பதிப்பிக்கும் நோக்கத்தோடு ஏடுகளை ஒப்புநோக்கி வந்தார். கும்பகோணத்துச் சமண அன்பரிடம் சென்று அச்சமயக் கருத்துக்களைக் கேட்டறிந்து வந்தார்.

பிள்ளையவர்களுக்கும் சிந்தாமணியைப் பதிப்பிக்கும் ஆவல் இருந்தது. அநுபவமும் பெயரும் உடைய தாம் அதனை வெளியிடுதல் நன்று என்று கருதி, ஐயரவர்களிடம் அதனைக் கேட்டார். பல ஆண்டு உழைத்த ஐயரவர்களுக்கு அதனை விட மனம் வரவில்லை. அச்சிடும் அநுபவமும் பொருளும் தமக்கு இல்லாதிருந்தும் தாமே வெளியிடத் துணிந்தார். இஃது இருவர்க்கும் இடையே மனக்கசப்பாக முற்றியிருக்கலாம். பகையாகி இருவரும் தத்தம் ஏடுகளை ஒருவர்க்கொருவர் மறைத்திருக்கலாம். அவ்வாறு நேர்ந்திருப்பின் நட்டம் அவ்விருவருக்கன்று, தமிழுக்கேயாகும்.

நிகழ்ந்ததோ வேறு. 1887ஆம் ஆண்டிலே ஐயரவர்களின் சிந்தாமணி வெளிவந்தது. அதே ஆண்டிலே பிள்ளையவர்களின் கலித்தொகையும் வெளிவந்தது. ஒரே ஆண்டில் ஒரே துறையில் இரு பெரும் நூல்கள்! இருவரும் பழகியே வந்தனர். பின்னர் ஐயரவர்கள் பத்துப்பாட்டை 1889இலும், சிலப்பதிகாரத்தை 1892இலும், புறநானூற்றை 1894இலும், மணிமேகலையை 1898இலும் வெளியிட்டார். முதுமைப் பருவத்திலே தாம் எழுதிய என் சரித்திரத்தில் பிள்ளையவர்களோடு பழகிய வரலாற்றை மறவாது எழுதி வைத்தார். ஒரு துறையார் ஒருவரோடொருவர் போட்டியிடுதல் இயல்பு. அப்போட்டி நூலை விரைவில் வெளிக்கொணர உதவுமாயின் நன்று; ஏட்டைப் பெட்டியிற் பூட்டி வைக்கச் செய்யுமாயின் தீது. இவ்வேறுபாட்டை அவ்விருவரும் அறிந்திருந்தனர்.

சமுதாயகாலமும் அநாதாரகாலமும்

வீரசோழியப் பதிப்புரையிலே பிள்ளையவர்கள் தமிழிலக்கிய வரலாற்றை எட்டுக் காலங்களாக வகுத்துள்ளார். அபோதகாலம், அக்ஷரகாலம், இலக்கணகாலம், சமுதாயகாலம், அநாதாரகாலம், சமணகாலம், இதிகாசகாலம், ஆதீனகாலம் என்பன அவை. அவர் கொண்ட கால எல்லைகளை இன்றைய ஆராய்ச்சியாளர் ஏற்பதில்லை. எனினும், தமிழிலக்கியத்துக்கு வரலாறு வகுக்க முற்பட்டோருள் அவர் முன்னவர் என்பதில் ஐயமில்லை.

இப்பெயர்களுள் இரண்டு எம் கருத்தை ஈர்க்கின்றன. சங்கம் இருந்து புலவர் கூடித் தமிழாய்ந்த காலத்தை அவர் சமுதாயகாலம் என்றார். சமுதாயம் என்பதற்குக் கூட்டம் என்பது பொருள். சங்கம் ஒழிந்து, புலவரைப் பேணுவார் இன்றித் தமிழ் தளர்ந்த காலத்தை அநாதாரகாலம் என்றார். ஆதாரமற்ற காலம் என்பது அதன் கருத்து. அரசர் பெயராலன்று, புலவர் கூடியிருந்தமையாலும் கூட்டமிழந்தமையாலும் ஒரு மொழியின் காலத்தை அளந்து பெயரிட்ட அவருடைய உள்ளம் இதனால் விளங்குகின்றது. இரண்டாண்டு கழித்து அவர் வெளியிட்ட இறையனார் அகப்பொருள் உரையே முச்சங்க வரலாற்றைக் கூறும் பழைய நூலாகும். சங்கத்தின் கதையை உலகறியச் செய்தவர், தாம் உழைத்த காலத்திலே தமக்கென ஒரு சங்கம் இல்லாது உழைத்தார் என்பது நினைக்கும்தோறும் நெஞ்சை உருக்குவது.

ஏழாலைப் பாடசாலை

கூட்டம் இல்லையென்று வருந்துவதோடு பிள்ளையவர்கள் அமையவில்லை. சென்னையிலே வாழ்ந்தபோதும் பிறந்த நாட்டை மறவாது, யாழ்ப்பாணத்து ஏழாலையிலே ஒரு தமிழ்ப் பாடசாலையை நிறுவினார். அங்கே ஆசிரியராக அமர்ந்து பல ஆண்டு கற்பித்தவர் சுன்னாகம் அ. குமாரசுவாமிப்புலவரவர்கள். புலவரவர்கள் பின்னர் வண்ணார்பண்ணையிலே நாவலரவர்களின் சைவப்பிரகாச வித்தியாசாலையிலும் கற்பித்து, இலக்கண ஆசிரியராகவும் தமிழ்ப் புலவர் சரித்திரம் எழுதியவராகவும் புகழ்பெற்றார்.

புலவரவர்களின் மாணாக்கர் புன்னாலைக்கட்டுவன் வித்துவசிரோமணி சி. கணேசையரவர்கள். அவர் தொல்காப்பியத்துக்கு எழுதிய உரைவிளக்கக் குறிப்புக்களோடு கூடிய பதிப்பை ஈழகேசரி நா. பொன்னையா அவர்கள் சுன்னாகம் திருமகள் அழுத்தகத்திலே அச்சிட்டு வெளியிட்டார். எழுத்ததிகாரம் 1937ஆம் ஆண்டிலும், சொல்லதிகாரம் 1938ஆம் ஆண்டிலும், பொருளதிகாரம் 1943, 1948ஆம் ஆண்டுகளில் இரு பகுதிகளாகவும் வெளிவந்தன. சிறுப்பிட்டியார் ஒருவர் சென்னையில் அச்சேற்றிய தொல்காப்பியம், அவர் அமைத்த பாடசாலையில் ஆசிரியராயிருந்த ஒருவரின் மாணாக்கர் கைப்பட்டு, மீண்டும் யாழ்ப்பாணத்து மண்ணிலே திருத்தமுற்று வெளிவந்தது. பிள்ளையவர்கள் அதனைக் காண இருக்கவில்லை. அவர் இட்ட வித்து விளைந்தமைக்கு இதனினும் சான்று வேண்டா.

சங்கம் தோன்றியது

1901ஆம் ஆண்டு ஜனவரி மாதம் முதலாந் திகதி பிள்ளையவர்கள் சென்னையிலே இவ்வுலக வாழ்வை நீத்தார். பரிதிமாற்கலைஞர் எனப் போற்றப்படும் வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார் முதலிய புலவர்கள் இரங்கற்பாப் பாடினர். அவ்வாண்டு செப்டெம்பர் மாதத்திலே பாண்டித்துரைத்தேவரவர்கள் முயற்சியால் மதுரைத் தமிழ்ச் சங்கம் நிறுவப்பட்டது. ஏடுகளைத் தொகுத்தற்கு ஓர் இடமும், புலவர் தம் ஆராய்ச்சியை வெளியிடுதற்குச் செந்தமிழ் என்னும் பத்திரிகையும் தோன்றின. பிள்ளையவர்கள் வாழ்நாள் முழுதும் தனித்தனியே தேடியலைந்த துணைகள், அவர் மறைந்த ஆண்டிலேயே ஓரிடத்தில் ஒன்றுகூடத் தொடங்கின.

அக்கூட்டத்தின் பயனுக்கு ஒரு சான்று கூறுவோம். பிள்ளையவர்கள் பொருளதிகாரத்தைப் பதிப்பித்தபோது அதன் உரை முழுவதும் நச்சினார்க்கினியருடையதாகவே வெளிவந்தது. இறுதி இயல்களில் உள்ள உரை பேராசிரியருடையது என்பதைச் சங்கப் புலவராகிய ரா. இராகவையங்காரவர்கள் பின்னர் ஆராய்ந்து எடுத்துக்காட்டினார். இது பிள்ளையவர்களுக்குக் குறைவாகாது. அவர் நூலை அச்சேற்றாதிருந்தால் ஆராய்வதற்கு நூலே இருந்திராது. ஒருவர் வெளிப்படுத்த, மற்றொருவர் திருத்த, இன்னொருவர் விளக்க, நூல் தெளிவுபெறுகின்றது. நாவலரவர்கள் மறைந்தபின் பிள்ளையவர்களுக்கு வாய்க்காதிருந்த பரிசோதனை, அவர் நூலுக்கு அவர் மறைந்தபின் வாய்த்தது.

எமது நாட்டிலும் 1921ஆம் ஆண்டில் ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கம் தோன்றி, பண்டிதர் பரீட்சைகளை நடத்திப் பல தலைமுறைப் பண்டிதர்களை உருவாக்கியது. ஒருவர் இருவராகத் தனித்து நின்ற புலமை, சங்கங்களால் நிலைபெற்றது.

எமது கடமை

பழைய ஏடுகளின் கதை முடிந்துவிட்டது என்று நாம் எண்ணுதல் கூடாது. 1981ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியுண்டபோது, அங்கே பேணப்பட்ட நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் சாம்பலாயின. அச்சேறிப் பல பிரதியாகிப் பல ஊர்களிலே பரவியிருந்த நூல்களை அத்தீயால் அழித்தல் இயலவில்லை. ஒரே பிரதியாய் இருந்தவையே மீளா வழி சென்றன. பிள்ளையவர்கள் ஏன் இத்துணை விரைந்தார், ஏன் தம் பொருளையும் இழந்தார் என்பதற்கு இதனினும் கொடிய விளக்கம் வேறில்லை.

இன்று அச்சோடு மின்வடிவமும் வந்துள்ளது. 2005ஆம் ஆண்டில் தொடங்கிய நூலகம் என்னும் முயற்சியிலே தன்னார்வலர் பலர் கூடி ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் மலர்களையும் படியெடுத்து எவரும் படிக்குமாறு வைத்தனர். இதுவும் பிள்ளையவர்கள் தொடங்கிய பணியின் தொடர்ச்சியே.

இளைஞர்களே! உங்களுள் எழுதும் ஆர்வமுடையார் பலர் உளர். எழுத்து தனியறையிலே பிறப்பதாயினும் தனியறையிலே வளர்வதன்று. நீங்கள் எழுதியதை உங்களினும் கற்றார் ஒருவரிடம் காட்டுங்கள். அவர் திருத்தினால் மகிழுங்கள். உங்களோடு ஒத்த துறையில் உழைப்பவரைப் போட்டியாளர் என்று ஒதுக்காது துணைவர் என்று கொள்ளுங்கள். உங்களுக்குப் பின் வருவார் கற்பதற்கு ஓர் இடம் அமையுங்கள்.

முதியோர்களே! உங்கள் வீட்டுப் பரணிலும் பெட்டகத்திலும் பழைய சுவடிகளும், கோயில் மலர்களும், பாட்டனார் கைப்பட எழுதிய குறிப்பேடுகளும் இருத்தல் கூடும். அவற்றைப் பழங்குப்பை என்று ஒதுக்காதீர்கள். எமது சங்கத்து இளைஞரிடம் காட்டுங்கள். அவர்கள் படியெடுத்து வைப்பார்கள். ஒரு வீட்டுப் பெட்டகத்துள் இருக்கும் ஒரு சுவடி, உரியவர் கண்ணிற் படும் நாளிலே ஊருக்கெல்லாம் செல்வமாகும்.

சிறுப்பிட்டியிலே பிறந்து, தமிழகத்திலே உழைத்து, தமிழ் வழங்கும் இடமெல்லாம் பயன்பெறச் செய்த தாமோதரம்பிள்ளையவர்களின் பெயரை நாம் ஆண்டுதோறும் நினைக்கக் கடமைப்பட்டுள்ளோம். அந்நினைவு சொல்லோடு நில்லாது, ஆளுக்கு ஓர் ஏடாயினும் காப்போம் என்னும் உறுதியாக மலர்வதாக. அவர்தம் திருப்பெயர் வாழ்க! அவர் காத்த தமிழ் வாழ்க!